மேலே வந்ததை மட்டும் எண்ணச் சொன்னார்கள்

1. முதல் நாள்

வேலைக்குப் போன முதல் நாளே கிராணியாருக்கும் எனக்கும் வாக்குவாதம்.

"பிள்ளை, உமக்கு எழுத வாசிக்கத் தெரியுமே?" என்று கேட்டார்.

"என் பேரு எழுதுவேங்கய்யா. நூறு வரைக்கும் நம்பரு தெரியும்."

"நூறுக்கு மேலை?"

"மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சா ஆச்சு."

ஆபீஸ் குமாஸ்தாவான சின்னத்தம்பிக் கிராணி யாழ்ப்பாணத்து மனுசர். முத்து முத்தாக எழுதுவார். ஒரு எழுத்து கோணினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு என்னைப் பிடிக்குமா? ஆனால் வேறு ஆள் இல்லை. முன்பு தொட்டி எண்ணும் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஆள், ஜப்பான்காரன் சைக்கிளில் வருகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே காணாமல் போனவர்தான். ஆகவே இருபது வயதில் ராக்கம்மாவாகிய நான் மலாயாவில் டெங்கில் பக்கத்து ஈய லம்பத்தில் கணக்குப் பிள்ளை ஆனேன். என்னைக் கணக்குப் பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சொல்கிறேன்.

லம்பம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தண்ணீர் நிற்கும் குட்டைதான் தெரியும். அது குட்டையாவதற்கு முன் பெரிய குழி. ஈயமண் அடியில் கிடக்கும், அதற்கு மேலே உதவாத மண். அந்த மேல்மண்ணை முதலில் வாரி எடுக்கவேண்டும். இரும்புத் தொட்டியில் ஏற்றி, சின்னத் தண்டவாளத்தில் இரண்டு பேர் முதுகு கொடுத்துத் தள்ளி, சரிவில் ஏறி வருவார்கள். சரிவு முடிகிற இடத்தில் என் கொட்டகை. அதைத் தாண்டிப் போய் மண்ணைக் குவியலில் கொட்டுவார்கள். பிறகு காலித் தொட்டி குவியலின் அந்தப் பக்கத்து வழியாகக் கீழே இறங்கிவிடும். அந்த வழி என் கொட்டகையிலிருந்து தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேண்டியிருக்கும்.

என் வேலை இதுதான். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு நம்பர் கட்டை தொங்கும். தொட்டி என் முன்னால் நிற்கவேண்டும். நான் கட்டையைக் கழற்றி என் பலகையில் மாட்டுவேன். பலகையில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை, ஆக நூறு ஆணி. ஒரு வரிசை நிரம்பினால் என் புத்தகத்தில் ஒரு கோடு. சாயங்காலம் கிராணி என் கோடுகளைப் பார்த்து, தன் பெரிய புத்தகத்தில் முத்து முத்தாக எழுதிக்கொள்வார். கட்டைகளைத் தகர டின்னில் போட்டுக் கீழே அனுப்பிவிடுவோம்.

முதல் நாள் எழுபத்து மூன்று தொட்டி வந்தது. மூன்று கட்டை மிச்சம், அதற்குக் கோடு போட எனக்குத் தெரியவில்லை. மூன்று புள்ளி வைத்தேன்.

"உது என்ன, அம்மை போட்ட மாதிரி?" என்றார் கிராணி.

"நாளைக்கு ஏழு வந்தா ஆறிடுங்கய்யா" என்றேன்.

அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

2. கண்ணாடி மாஸ்டர்

ஜப்பான் அதிகாரியை எல்லாரும் மாஸ்டர் என்போம். எங்கள் லம்பத்துக்கு வருகிறவர் வட்டக் கண்ணாடி போட்டிருப்பார், அதனால் கண்ணாடி மாஸ்டர். கோலாலம்பூரில் இருந்தார். வாரத்துக்கு ஒரு முறை கரி அடுப்பு மாட்டிய லோரியில், புகையோடு புகையாக வந்து இறங்குவார். குள்ளமான ஆள். அவர் போட்டிருந்த பூட்ஸ் மட்டும் பளபளப்பு. மலாய் பேசுவார், எங்களைப் போலவே அரைகுறையாக. அதனால் அவர் பேசுவது எங்களுக்கு நன்றாகப் புரியும்.

அவருக்கு நூறு என்ற நம்பர் பிடிக்கும். ஒரு நாள் என் பலகை முன்னால் நின்று காலி ஆணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். இருபது காலியாக இருந்தன. பிறகு கிராணியிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பன்னிரண்டு பேர். எங்கள் தொட்டி ஆட்கள் அத்தனை பேரும். ஐந்தாவது பெயர் வீரையா. என் வீட்டுக்காரர்.

"தினம் நூறு வரோணுமாம்" என்றார் கிராணி. "ஒரு கிழமை தொடர்ந்து நூறுக்குக் குறைஞ்சால் இவ்வளவு பேரும் உபரியாம். சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிடுவினமாம்."

சயாம் என்றால் என்னவென்று அப்போதே தெரியும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன மாதம் லோரி ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என் கூட்டாளி அஞ்சலையின் புருசன் பீங்கான் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, "மூணு மாசத்துல வந்துடுவேன்" என்று சொல்லி ஏறினான். இன்று வரை வரவில்லை. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லமாட்டேன்.

நூறு என்பது பெரிய காரியமில்லை, மண் இருந்தால். ஆனால் அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் இறைக்கும் பம்புக்கு எண்ணெயும் இல்லை, சாமானும் இல்லை. குழியின் அடி முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டது. வெட்டுவதற்கு மண்ணே இல்லை. மறுநாள் மத்தியானம் வரைக்கும் என் பலகையில் பதினோரு கட்டைதான் தொங்கியது.

கிராணி நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "பொய்க் கணக்கு எழுத என்ரை கை வராது பிள்ளை. அவன் குவியலை அளந்தானெண்டால் எல்லாரின்ரை தலையும் போகும்."

"பொய்க் கணக்கு ஏங்கய்யா எழுதணும்?" என்றேன். "மாஸ்டர் எதை எண்ணச் சொன்னாரு?"

"மேலை வாற தொட்டியை."

"கீழ போற தொட்டியை?"

"அது காலித் தொட்டியெல்லே. அதை ஆர் எண்ணுவினம்?"

"காலியா ஏங்கய்யா போகணும்?"

கிராணி கையை நெற்றியிலிருந்து எடுத்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குவியலைப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். எங்களைத் தவிர யாரும் இல்லாத கொட்டகையில் எதற்குக் கதவைச் சாத்தினாரோ.

3. சுற்றி வந்த மண்

மறுநாளிலிருந்து எங்கள் லம்பத்தில் நடந்த மாதிரி வேலை எங்கேயும் நடந்திருக்காது. குவியலின் பின்பக்கத்தில் தொட்டியை நிரப்புவார்கள். நிரம்பிய தொட்டி கீழே இறங்கும். தண்ணீர் ஓரத்தில் போய்க் கட்டையை மாட்டிக்கொண்டு, அதே மண்ணோடு சரிவில் ஏறி என்னிடம் வரும். நான் கட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். தொட்டி குவியலுக்குப் போய்க் கொட்டும். கொட்டிய மண்ணை மறுபடி நிரப்புவார்கள்.

நூறு கட்டை. நூறு ஆணி. பத்துக் கோடு. ஒரு தொட்டி கூட வராமல் நான் கோடு போட்டதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்வேன்.

ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள். "வீரையாண்ணே, உன் சம்சாரம் நம்மள செக்கு மாடாக்கிப்புட்டாளே" என்றான் ஒருத்தன். என் வீட்டுக்காரர், "செக்கு மாடு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும்லா. சயாமுக்குப் போன மாடு வருமா?" என்றார். ஆட்கள் தொட்டியைத் தள்ளப் போய்விட்டார்கள்.

இரண்டாவது வாரத்தில் மண்ணிலிருந்து ஒரு பூட்ஸ் வந்தது. ஒற்றைப் பூட்ஸ், பழுப்பு நிறம், பெரியது. எந்த வெள்ளைக்காரத் துரை ஓடும்போது விட்டதோ. என் வீட்டுக்காரர் அதைத் தொட்டியின் மேலே, மண்ணில் நட்டு நிறுத்திக் கொண்டுவந்தார்.

"புள்ள, எந்திரி எந்திரி. தொரை வந்திருக்காரு."

நான் எழுந்து சலாம் போட்டேன். சரிவு முழுக்கச் சிரிப்பு.

இது வழக்கமாகிவிட்டது. குவியலில் கொட்டிய பூட்ஸை யாராவது தேடி எடுத்து, மறுபடி ஒரு தொட்டியில் ஏற்றி அனுப்புவார்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாளைக்கு ஒரு தடவை துரை வருவார். எழுதத் தெரியாத எனக்கு அடையாளம் போடத் தெரியும் அல்லவா? துரை வந்த அன்றைக்கு என் புத்தகத்து ஓரத்தில் பூட்ஸ் மாதிரி ஒரு கொக்கி வரைவேன். கிராணி அதை என் எழுத்துப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்.

விளையாட்டு அளவோடு இருக்கவேண்டும். அது எங்களுக்குத் தெரியவில்லை. இருபது வயது, என்ன தெரியும்.

4. ஒரே நாளில் இரண்டு கொக்கி

கண்ணாடி மாஸ்டர் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். அன்று மட்டும் துரைக்கு விடுமுறை. ஆனால் ஒரு வாரம் திங்கட்கிழமையே வந்து இறங்கினார். வந்தவர் கொட்டகையில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே இருக்கிற ஆட்களுக்கு எப்படிச் சொல்வது?

ஐந்தாவது தொட்டியில் துரை வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் சரிவு ஏறி வரும்போதே, "எந்திரி புள்ள" என்று வாயைத் திறந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் அந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

மாஸ்டர் எழுந்து போய்ப் பூட்ஸைத் தொட்டார். "இனி ஆப்பா?" என்றார். இது என்ன என்று அர்த்தம்.

"பூட்ஸ், மாஸ்டர்" என்றார் கிராணி. "பழைய பூட்ஸ்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். தொட்டி போயிற்று. எனக்கு மூச்சு வந்தது. என் வீட்டுக்காரர் குவியலுக்குப் போய்ப் பூட்ஸைத் தூர எறிந்திருக்கிறார். ஆனால் எறிந்த இடம் மறுபக்கம், மண் நிரப்புகிறவர்கள் நிற்கிற இடம். அவர்களுக்கு மாஸ்டர் வந்ததே தெரியாது; மற்றவன் சொல்லியிருப்பான் என்று தள்ளுகிறவர்கள் ஆளுக்கு ஆள் இருந்துவிட்டார்கள். 'அட, தொரை அதுக்குள்ள திரும்பிட்டாரா' என்று கண்ணில் பட்டபோது எடுத்து, வேறொரு ஜோடியின் தொட்டியில், தள்ளுகிறவர்களுக்குத் தெரியாமல் முன்பக்கத்தில் நட்டு அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஐம்பத்தெட்டாவது தொட்டியில், துரை மறுபடி வந்தார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "லாகி?" என்றார். மறுபடியுமா?

கிராணியின் முகம் வெளுத்துவிட்டது. தொட்டி தள்ளி வந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்லியாகவேண்டும். இல்லையென்றால் அந்த மனுசர் எழுந்து குவியலின் அந்தப் பக்கம் நடந்துபோய்விடுவார்.

நான் மலாயில் சொன்னேன். "மனுசனுக்கு ரெண்டு காலு இல்லையா மாஸ்டர்? காலையில ஒண்ணு வந்துச்சு. இப்ப ஒண்ணு வருது."

சொல்லி முடித்ததும்தான் என் வாய் என்ன செய்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. மாஸ்டர் யோசித்தார். பூட்ஸை மண்ணிலிருந்து பிடுங்கிக் கிராணியின் மேசை மேல் வைத்தார்.

"நல்லது. காலையில் வந்ததையும் தேடி எடுத்து வையுங்கள். அடுத்த செவ்வாய் வருவேன். இரண்டையும் நான் பார்க்கவேண்டும்."

போகும்போது சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பன்னிரண்டு பேர் தாள் அந்தப் பையில்தான் இருந்தது.

5. பிரிக்பீல்ட்ஸ் நானா

அன்று சாயங்காலம் சோறு வேகவில்லை, மரவள்ளிதான் வெந்தது. அதுவும் இறங்கவில்லை.

"உன் வாயி இருக்கே புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க பூட்ஸு இருக்கே" என்றேன் நான்.

எட்டு நாள் இருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் கொட்டகைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு முஸ்லிம் நானா பழைய சாமான் கடை வைத்திருந்தார். துரைமார் விட்டுப் போன வீடுகளிலிருந்து வந்த விளக்கு, தட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் அங்கே கிடைக்கும் என்று கேள்வி. நான் மேசை மேல் இருந்த பூட்ஸை ஒரு குச்சியால் அளந்தேன். கயிறு போகிற ஓட்டைகளை எண்ணினேன், ஒரு பக்கத்துக்கு எட்டு. அடியில் ஆணிகளை எண்ணினேன், இருபத்து நாலு. நிறம் ஞாபகத்துக்கு ஒரு காய்ந்த பலா இலை. ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கோடு விறகு லோரியில் ஏறினேன்.

கடை வாசலில் கயிறு கட்டிப் பூட்ஸுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார் நானா. நான் குச்சியை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஓட்டையை எண்ணினேன். அடியைத் திருப்பி ஆணியை எண்ணினேன்.

"பூட்ஸு வாங்க வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா தங்கச்சி?" என்றார் நானா.

ஏழாவது பூட்ஸ் எல்லாவற்றிலும் பொருந்தியது. நீளம் சரி. எட்டு ஓட்டை. இருபத்து நாலு ஆணி. பலா இலை நிறம்.

"இது ஒண்ணு குடுங்க நானா."

"ஒண்ணா? ஜோடி வேணாமா?"

"ஜோடி எங்கிட்ட இருக்கு."

நானா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருந்தா சரி" என்று சொல்லிக் கிழங்கு மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து பூட்ஸைச் சேற்றில் முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, என் வீட்டுக்காரரிடம் கல்லால் தேய்க்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்குள் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டன இரண்டும். பன்னிரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் திருப்தி. ஒருத்தன் கூட எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. எங்களில் பூட்ஸ் போட்டவர் யாரும் இல்லை. எல்லாரும் வெறுங்கால். இல்லையென்றால் சீனன் கடையில் விற்கும் கட்டைச் செருப்பு. கட்டைச் செருப்பை எந்தக் காலிலும் மாட்டலாம், அதற்கு முன் பின் தெரியுமே தவிர வேறு பேதம் கிடையாது.

6. ரெண்டு பேர்

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் வந்தார். நான் இரண்டு பூட்ஸையும் மேசையில் வைத்தேன். பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சரிவில் நின்றார்கள்.

அவர் ஒரு பூட்ஸை எடுத்துத் தண்ணீரில் கழுவினார். அடுத்ததைக் கழுவினார். அளந்தார், நான் அளந்த மாதிரியே. நிறத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். பிறகு இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எதிரே நின்று, தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"கிரி" என்றார். இடது. அடுத்த பூட்ஸைக் காட்டினார். "கிரி."

கிராணி எட்டிப் பார்த்தார். "ஐயோ என்ரை கடவுளே."

"என்னங்கய்யா?"

"ரெண்டும் இடக்கால், பிள்ளை."

"இருக்கட்டுமே. அதனால என்ன?"

"பேசாமல் இரும்!"

அப்போதுதான் நான் மாஸ்டரின் கால்களைப் பார்த்தேன். அவருடைய பூட்ஸ் ஒன்று இந்தப் பக்கமாக வளைந்திருந்தது, மற்றது அந்தப் பக்கமாக. தரையில் நின்ற இரண்டும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. நீளம், ஓட்டை, ஆணி, நிறம் எல்லாம் எண்ணினேன். கால் வளைந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

மாஸ்டர் இரண்டு பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், லோரி ஏறப்போகிறவர் மாதிரி.

மாஸ்டர் இரண்டு விரலை நீட்டினார்.

"டுவா ஓராங்" என்றார்.

ரெண்டு பேர்! நான் சொல்லவில்லை. கிராணி சொல்லவில்லை. அவராகச் சொன்னார். ஒரு ஆளுக்கு இரண்டு இடது கால் இருக்காது, ஆகவே இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இருவரும் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். பூட்ஸையே விட்டுப் போனவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டா ஓடியிருப்பான்? அவர் கண்ணாடிக்குள் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"செனாப்பாங்!" என்றார். துப்பாக்கி. பிறகு என் பக்கம் திரும்பினார். "இது எந்த மண்ணில் வந்தது?"

"அந்தக் குவியலுக்குப் போற மண்ணுல மாஸ்டர்" என்றேன். உண்மைதானே.

"இப்போது எங்கே இருக்கிறது அந்த மண்?"

"அந்தக் குவியல்லதான் மாஸ்டர்." அதுவும் உண்மை.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாள் கிழிகிற சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், பெயர்கள் இருந்த பாதியை மேசை மேல் போட்டுவிட்டு, காலியாக இருந்த மீதிப் பாதியில் குவியலின் படம் வரைந்துகொண்டிருக்கிறார்.

உத்தரவு போட்டார். குவியல் முழுவதையும் தோண்டவேண்டும். இந்தப் பக்கத்து மண்ணை எடுத்து அந்தப் பக்கம் கொட்டவேண்டும். தொட்டி தொட்டியாக எண்ணவேண்டும், எந்தத் தொட்டியில் என்ன கிடைத்தது என்று எழுதவேண்டும். ஒரு ஆளும் லம்பத்தை விட்டுப் போகக்கூடாது. இந்தப் பன்னிரண்டு பேர் போதாது, இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும்.

நாங்கள் திருட்டுத்தனமாகச் சுற்றிய மண்ணை, அதற்கப்புறம் மாஸ்டரின் உத்தரவோடு சுற்றினோம். புதிதாக வந்த பன்னிரண்டு பேரும் பக்கத்துத் தோட்டத்தில் சயாம் லோரிக்குக் காத்திருந்தவர்கள்.

சரிவில் என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

7. கிடைத்த சாமான்கள்

கண்ணாடி மாஸ்டர் அதற்குப் பிறகு வாரம் மூன்று தடவை வந்தார். கிராணி ஒவ்வொரு தொட்டிக்கும் நேரே என்ன கிடைத்தது என்று முத்து முத்தாக எழுதினார். தண்டவாள ஆணி நான்கு. தேநீர்க் குடுவையின் மூக்கு ஒன்று. தவளை ஒன்று, உயிருடன். தவளையை எழுதவேண்டாம் என்றேன். "கண்டதை எழுதத்தான் வேணும்" என்றார் அவர்.

மாஸ்டர் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். வலது கால் பூட்ஸ் வந்ததா? ஒரு வலது கால் வந்துவிட்டால் பக்கத்திலேயே துப்பாக்கியும் இருக்கும் என்பது அவருடைய கணக்கு. வரவில்லை. குவியல் முழுவதும் ஒரு முறை இடம் மாறியது. ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ என்று திரும்பவும் பழைய இடத்துக்கு மாற்றச் சொன்னார். அதற்குள் சயாமுக்கு ஆள் பிடிப்பதும் நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு தடவை பிரிக்பீல்ட்ஸ் போய், நானாவிடம் சண்டை பிடித்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நானா, அது இடது காலுன்னு!"

"வெளிய தொங்குறது எல்லாமே இடது காலுதான் தங்கச்சி" என்றார் அவர் அமைதியாக. "ஜோடியாத் தொங்கவிட்டா மறுநாள் காலையில கயிறுதான் தொங்கும். இடது காலை மட்டும் எவன் திருடுவான்? வலது கால் எல்லாம் உள்ள டிரங்குப் பெட்டியில இருக்கு."

பெட்டியைத் திறந்து காட்டினார். மேலாகவே இருந்தது, பலா இலை நிறத்தில். டெங்கிலில் ஒரு மாஸ்டர் இருபத்து நாலு ஆளை வைத்துத் தேடிக்கொண்டிருந்த வலது கால். எடுத்துப் பார்த்தேன். ஓட்டை எட்டு. ஆணி இருபத்து நாலு. திருப்பி வைத்துவிட்டேன்.

8. புதுத் துரை

ஜப்பான் சண்டை முடிந்தது. கண்ணாடி மாஸ்டர் ஒரு நாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. சில மாதம் கழித்து வெள்ளைக்காரன் ஒருத்தன் சங்கிலியும் மூன்று கால் கருவியும் கொண்டு லம்பத்தை அளக்க வந்தான். முன்பு தோட்டத்தில் இருந்தவன், தோட்டத்துத் தமிழ் பேசுவான். குழியை அளந்தான். குவியலை அளந்தான். கிராணியின் பெரிய புத்தகத்தை இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டினான். மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டான்.

"கிராணி, இந்தப் பொஸ்தகம் பாரு. இத்தினி தொட்டி மண்ணு மேல வந்தா, குவியல் கிள்ளான்லேர்ந்து தெரியணும். நான் இத விடப் பெரிய கறையான் புத்து பாத்திருக்கேன். பொய்க் கணக்கா?"

கிராணி நடுங்கினார். "ஐயா, மழை... மண் கரைஞ்சு..."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோடுகளைப் பொய் என்று சொன்னால்?

"ஒரு தொட்டி கூடப் பொய்யில்லை தொரை" என்றேன். "அத்தனையும் மேல வந்துச்சு. நான் என் கையால கட்டை கழட்டியிருக்கேன்."

"அப்ப மண்ணு எங்கே?"

"கீழ போயிடுச்சு. மறுபடி மேல வந்துச்சு. மேல வந்ததை மட்டும்தான் எண்ணச் சொன்னாங்க."

துரை நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். என் கோட்டுப் புத்தகத்தைக் கேட்டான். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். ஓரத்துக் கொக்கிகளில் விரல் நின்றது. "இது என்ன?"

"பூட்ஸ் தொரை. ஒரே பூட்ஸ். பதினேழு தடவை மேல வந்திருக்கு. கடைசி ரெண்டு தடவை ஒரே நாளு."

முழுக் கதையையும் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவன் நடுவில் சயாம் வந்ததும் நிறுத்திவிட்டான். கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டான்.

"நான் மேலாபீசுக்கு எழுதணும். இத்தினி வருசம் இந்த லம்பம் என்ன எடுத்துச்சு? ஈயம் எவ்வளவு?"

"ஈயம் ஒண்ணுமில்லை தொரை."

"அப்ப என்னதான் எடுத்தீங்க?"

நான் வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்தேன். கீழே இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஏறி வந்தார்கள். முதல் ஆளாக என் வீட்டுக்காரர், பின்னால் மற்றவர்கள், அப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பன்னிரண்டு பேர். கொட்டகை முன்னால் வரிசையாக நின்றார்கள். எதற்குக் கூப்பிட்டேன் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எண்ணிக்குங்க தொரை" என்றேன்.

அவன் எண்ணினான். விரலை நீட்டி, மெதுவாக, ஒவ்வொரு ஆளாக எண்ணினான்.

ஸ்டோரிலும் துறைமுகத்திலும் இன்று சாமான் எண்ணுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏறுவதை எழுதும்போதே இறங்குவதையும் எழுதுங்கள், இல்லையென்றால் ஒரு ராக்கம்மா உங்களையும் ஏமாற்றிவிடுவாள். உங்களை எண்ணச் சொல்கிறவன் எதற்காக எண்ணச் சொல்கிறான் என்று தெரிந்துகொண்டு எண்ணுங்கள். பூட்ஸ் வாங்கினால் காலைப் பார்த்து வாங்குங்கள்.

அன்றைக்குத் துரை என் புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். கடைசிக் கோட்டுக்குக் கீழே இடம் இருந்தது. கிராணியிடம் பேனா வாங்கி, என் பெயரைத் தவிர முதன்முதலாக ஒரு வார்த்தை எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஆள்' என்று எழுதி, பக்கத்தில் இருபத்து நாலு போட்டேன். 'ள்' கொஞ்சம் கோணிவிட்டது. கிராணி பார்த்தார். அன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்கியது.